பறக்கும் சவப்பெட்டிக்கு விடை கொடுத்தாகிவிட்டது. பதில் சொல்வது யார்?

 

2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகர் விமானப்படைத் தளத்தில் ஒரு வழியனுப்பு விழா நடந்தது. பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வந்திருந்தார். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தாமே ஒரு மிக்-21 விமானத்தில் ஏறிப் பறந்தார். தரையிறங்கிய விமானங்களுக்கு இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மரியாதை செய்தார்கள். 1963ஆம் ஆண்டு இதே சண்டிகரில்தான் மிக்-21 நம் படையில் சேர்ந்தது. 62 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில் ஓய்வு பெற்றது.

விழா முடிந்தது. கூடாரத்தைப் பிரித்தார்கள். ஆனால் அந்த விமானத்தில் ஏறிப் போய் வீடு திரும்பாத பிள்ளைகளின் தாய்மார்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விக்கு அன்றும் எவரும் பதில் சொல்லவில்லை. "இவ்வளவு தாமதம் ஏன்?" என்பதே அந்தக் கேள்வி.

குன்னத்தில் கடை வைத்திருப்பவருக்கும், லெப்பைக்குடிக்காட்டில் கல்லூரி முடித்து வேலை தேடும் இளைஞருக்கும் போர் விமானத்தைப் பற்றி என்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். கவலை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

புகழும் உண்டு, மறைக்க வேண்டாம்

ஒரு பொருளைக் குறை சொல்லுமுன் அதன் நிறையைச் சொல்வதே நியாயம். சோவியத் நாட்டில் உருவான மிக்-21, இந்தியாவின் முதல் ஒலியைவிட வேகமான போர் விமானம். மேலை நாடுகள் நமக்குத் தரத் தயங்கிய தொழில்நுட்பத்தை மாஸ்கோ தந்தது. நாசிக்கில் விமானமும் கோராபுட்டில் எஞ்சினும் நம் தொழிலாளர் கைகளால் உருவாயின. இறக்குமதி செய்தவையும் இங்கே செய்தவையுமாக 870க்கும் மேற்பட்டவை படையில் சேர்ந்தன. 1971 டிசம்பரில் டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கியவை இவைதாம். 2019 பிப்ரவரி 27 அன்று நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநந்தன் வர்த்தமான் ஓட்டியதும் மிக்-21 பைசன்தான். அன்றைக்கே அது பழைய விமானம். பாகிஸ்தானில் பிடிபட்டு அவர் மீண்டு வந்தபோது நாடே கொண்டாடியது. அப்படிப்பட்ட வீரனை 2019ஆம் ஆண்டிலும் அந்தப் பழைய விமானத்தில் ஏன் அனுப்பினோம் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே!

கணக்கு சொல்லும் கதை

2012ஆம் ஆண்டு அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் ஒரு கணக்கைச் சமர்ப்பித்தார். ரஷ்யாவிடமிருந்து பெற்ற 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கும் மேல் விபத்தில் போய்விட்டன. அந்த ஆண்டு ஏப்ரல் 19 வரை 482 மிக் விபத்துகள். உயிரிழந்த விமானிகள் 171 பேர். பொதுமக்கள் 39 பேர். மற்றப் படைகளைச் சேர்ந்தவர்கள் 8 பேர்.

இந்தக் கணக்கு போர்க்களக் கணக்கு அல்ல சகோதரர்களே! எதிரி சுட்டு வீழ்த்திய விமானங்கள் அல்ல இவை. இவை விபத்துகள். 171 விமானிகள் என்றால் 171 வீடுகள். "பறக்கும் சவப்பெட்டி" என்ற பெயரை இந்த விமானத்துக்கு வைத்தவன் எதிரி நாட்டான் அல்லன். நம் நாட்டு மக்களே வைத்தார்கள்.

2012க்குப் பிறகும் அது நிற்கவில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் பல மிக்-21கள் விழுந்தன. மார்ச், மே, டிசம்பர் என்று மூன்று விமானிகளை அந்த ஓர் ஆண்டிலேயே இழந்தோம். 2022 ஜூலை 28 அன்று ராஜஸ்தானின் பார்மர் அருகே இருவர் அமரும் பயிற்சி விமானம் விழுந்து இருவருமே மாண்டார்கள்.

வானத்தில் இருப்பவனுக்காவது ஆபத்து தெரியும். தரையில் இருப்பவன் செய்த பாவம் என்ன? 2002 மே மாதம் ஜலந்தர் நகரில் ஒரு மிக்-21 வங்கிக் கட்டடத்தின் மீது விழுந்தது. விமானி குதித்துப் பிழைத்தார். வங்கியில் காசு போட வந்தவர்களும், வேலை செய்தவர்களும், அந்த வழியே போனவர்களுமாக 8 பேர் மாண்டார்கள். 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்தில் பஹ்லோல் நகர் என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் மீது விழுந்தது. மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மீதமிருந்த சுமார் 50 மிக்-21களையும் சோதனை முடியும்வரை தரையிலேயே நிறுத்திவைத்தார்கள். சோதனைக்குப் பின் அவை மீண்டும் பறந்தன. ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

எஃப்.சி. இல்லாத லாரி

வணிகப் பெருமக்களே! உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே பேசுவோம்.

அரியலூர்ச் சாலையில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிக்கு எஃப்.சி. வேண்டும். வண்டி பழசானால் ஆண்டுக்கொரு முறை கொண்டுபோய் நிறுத்திக் காட்ட வேண்டும். பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். எஃப்.சி. இல்லாத வண்டியை ஓட்டி யாராவது அடிபட்டால் டிரைவரோடு முதலாளியும் நீதிமன்றப் படியேற வேண்டும். அந்த வண்டிக்கு எஃப்.சி. கொடுப்பவர் வண்டியின் முதலாளி அல்லர் என்பதையும் கவனியுங்கள். முதலாளியே தன் வண்டிக்கு எஃப்.சி. எழுதிக்கொள்ளலாம் என்றால் ரோட்டில் நடக்க முடியுமா?

போர் விமானத்தின் கதை வேறு. ஓட்டுபவரும் அரசு, பழுது பார்ப்பவரும் அரசு, தகுதிச் சான்று தருபவரும் அரசு, விழுந்தால் விசாரிப்பவரும் அரசு. விசாரணை அறிக்கையைப் பூட்டி வைப்பவரும் அரசுதான். இராணுவ இரகசியம் என்ற ஒரு சொல் எல்லாக் கதவையும் அடைத்துவிடுகிறது. எஞ்சினில் எந்தக் குழாய் வெடித்தது என்பது எதிரிக்குத் தெரியக் கூடாத இரகசியமாக இருக்கலாம். ஆனால் புது விமானம் வாங்கும் கோப்பு எந்த மேசையில் எத்தனை ஆண்டு தூங்கியது என்பதும் இரகசியமா?

தூங்கிய கோப்புகள்

மிக்-21 மிக வேகமாகத் தரையிறங்கும் விமானம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அதை ஓடுபாதையில் இறக்க வேண்டும். ஒற்றை எஞ்சின். அது நின்றுவிட்டால் முக்கோணச் சிறகுகொண்ட அந்த விமானம் அதிக தூரம் மிதக்காது. இப்படிப்பட்ட விமானத்துக்கு, மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தில் பழகிய 22, 23 வயது இளைஞனை நேராக அனுப்பினார்கள். இடையில் ஒரு படிக்கட்டு இல்லை. மாட்டுவண்டி ஓட்டியவனைத் திருச்சி நெடுஞ்சாலையில் பஸ் ஓட்டச் சொன்ன கதைதான்.

அந்தப் படிக்கட்டு வேண்டும் என்று 1982ஆம் ஆண்டே லா ஃபோன்டேன் குழு சொல்லிவிட்டது. உயர்நிலைப் பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்றது. வாங்கினார்களா? வாங்கினார்கள். ஹாக் விமானத்துக்கான ஒப்பந்தம் 2004 மார்ச் மாதம் கையெழுத்தானது. விமானம் படையில் சேர்ந்தது 2008இல். சொன்னதற்கும் வந்ததற்கும் இடையே 26 ஆண்டுகள்! 1982இல் பிறந்த குழந்தை வளர்ந்து, விமானியாகி, மிக்-21இல் பறந்து, மாண்டே போயிருக்கலாம்.

1997ஆம் ஆண்டு போர் விமான விபத்துகளை ஆராய இன்னொரு குழு அமைந்தது. அதன் தலைவர் வேறு யாருமல்லர், இராமேஸ்வரத்தில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவரைப் போன்றவரே தலைமை தாங்கிய குழு அறிக்கை தந்த பிறகும் பயிற்சி விமானத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. குழு போடுவது எளிது. குழு சொல்வதைச் செய்வதுதான் அரிது.

மிக்-21க்கு மாற்றாக உள்நாட்டிலேயே இலகுரகப் போர் விமானம் செய்வோம் என்று 1983இல் முடிவெடுத்தார்கள். அதுதான் தேஜஸ். அது முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. முதல் தேஜஸ் படைப்பிரிவு உருவானது 2016இல். பின்னர் அது நம் கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இடைப்பட்ட 33 ஆண்டுகளை யார் தாங்கினார்கள்? மிக்-21உம் அதை ஓட்டிய இளைஞர்களும் தாங்கினார்கள். மாற்று வரவில்லை என்பதால் பழையதற்கு ஆயுள் நீட்டிப்பு, அதன் மேல் இன்னொரு நீட்டிப்பு. 125 விமானங்களைப் புதுக்கருவி பொருத்திப் "பைசன்" என்று மாற்றினார்கள். கருவி புதிது, உடம்பு பழையது. 1991இல் சோவியத் நாடு சிதறியபோது உதிரிபாகத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தவித்ததும் இந்தக் காலத்தில்தான்.

"அவன் மேல்தான் தவறு"

விபத்து நடந்தால் முதலில் காதில் விழும் சொல், "விமானியின் தவறு." இறந்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லையே!

2001 செப்டம்பரில் சூரத்கரில் இரவுப் பயிற்சியின்போது ஃப்ளைட் லெப்டினன்ட் அபிஜித் காட்கில் மிக்-21 விபத்தில் மாண்டார். தவறு அவர்மீதே சுமத்தப்பட்டது. அவருடைய தாயார் கவிதா காட்கில் அதை ஏற்கவில்லை. பத்திரிகைகளில் பேசினார், கடிதம் எழுதினார், மற்றத் தாய்மார்களைத் திரட்டினார். படையின் பெயரைக் கெடுக்கிறார் என்ற பழியையும் சுமந்தார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே மகனின் பெயரிலிருந்து களங்கம் நீங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பிள்ளையின் நற்பெயருக்காகவும் போராட வேண்டிய நிலை!

இன்னொருவர் உயிரோடு இருந்ததால் நீதிமன்றம் போனார். விங் கமாண்டர் சஞ்சீத் சிங் கைலா 2005 ஜனவரியில் ராஜஸ்தானில் பறந்துகொண்டிருந்தபோது விமானத்தில் தீப்பிடித்தது. கீழே கிராமம். மக்கள் மேல் விழாதபடி விமானத்தை விலக்கிக் கொண்டுபோன பிறகே குதித்தார். முதுகெலும்பில் காயம். மீண்டும் போர் விமானம் ஓட்ட முடியவில்லை. உற்பத்தியிலேயே குறை இருந்தது தெரியவந்தது. 2017 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் அவருக்கு 55 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதில் 50 லட்சம் விமானத்தைச் செய்த இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தர வேண்டியது, 5 லட்சம் மத்திய அரசு தர வேண்டியது. போர் வீரன் என்பதால் குறைபாடுள்ள இயந்திரத்தில் ஏறிச் சாக வேண்டும் என்பதில்லை, அவனுக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

மறுதரப்பு சொல்வது

அரசுத் தரப்பிலும் வாதம் உண்டு, அதையும் கேட்போம். 1963இல் வந்த விமானமே 2025 வரை பறந்ததாகச் சொல்வது சரியல்ல. பழையவை முன்பே கழிக்கப்பட்டன. நாசிக்கில் உற்பத்தி நின்றது 1987இல். அந்தக் கணக்கில் கடைசிவரை இருந்தவற்றின் வயது 40 ஆண்டு அளவில்தான். உண்மை. இத்தனை நூறு விமானங்களை இத்தனை பத்தாண்டுகள் பறக்கவிட்டால் விபத்துகளின் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும் என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. பணக்கார மேற்கு ஜெர்மனி வாங்கிய 916 ஸ்டார்ஃபைட்டர் விமானங்களில் 292 விழுந்து 100க்கும் மேற்பட்ட விமானிகள் மாண்டார்கள் என்பதும் வரலாறு.

விமானங்களைத் தரையில் நிறுத்திவிட்டால் எல்லையை யார் காப்பது என்பதே அவர்களின் பெரிய வாதம். நமக்கு வேண்டியவை 42 படைப்பிரிவுகள். மிக்-21 போன பின் எஞ்சியவை 29. இது சின்னக் குறை அல்ல.

ஆனால் இந்த வாதமே அவர்களுக்கு எதிரான சாட்சி. விமானங்கள் ஓய்வு பெறும் நாள் திடீரென்று வருவதில்லை. அந்தக் கணக்கு பத்தாண்டுக்கு முன்பே தெரியும். சரக்கு தீரப் போகிறது என்று தெரிந்தும் ஆர்டர் போடாத கடைக்காரன், "கடையில் சரக்கு இல்லை, அதனால் கெட்டுப்போனதையே விற்கிறேன்" என்று சொன்னால் நீங்கள் விடுவீர்களா?

நிறுத்துவது கோழைத்தனம் அல்ல

சந்தேகம் வந்தால் நிறுத்து, சோதித்துப் பார், பிறகு பறக்க விடு. இதுவே பொறுப்புள்ளவன் செய்கை. 2022 ஏப்ரலில் ருமேனியா தன் மிக்-21களை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அடியோடு கழித்துவிட்டது. நம் நாட்டிலும் 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் மாண்டதும், முப்படைகளிலும் இருந்த துருவ் ஹெலிகாப்டர்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். அதனால் நாடு மூழ்கிவிடவில்லை. இதைப் பாராட்டத்தான் வேண்டும். மிக்-21 விஷயத்திலும் இந்தத் துணிவு காலத்தே வந்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்!

மிக்-21 போய்விட்டதே, இனி ஏன் பேச வேண்டும் என்று கேட்காதீர்கள். மிக்-21தான் போனது, பழக்கம் போகவில்லை. 1979இல் படையில் சேர்ந்த ஜாகுவார் விமானங்கள் 2025ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல், ஜூலை என்று மூன்று முறை விழுந்தன. ஏப்ரலில் ஜாம்நகரில் ஒருவரும், ஜூலையில் ராஜஸ்தானின் சூருவில் இருவரும் மாண்டார்கள். மற்ற நாடுகள் ஜாகுவாரை எப்போதோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டன. நம் சென்னைத் தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் அந்தமானுக்குப் புறப்பட்ட ஏஎன்-32 விமானம் நினைவிருக்கிறதா? அதன் சிதைவுகள் வங்கக்கடலின் அடியில் இருப்பது 2024 ஜனவரியில்தான் தெரியவந்தது. ஏழரை ஆண்டுகள் 29 குடும்பங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மருதையாறு சொன்ன பாடம்

பொறுப்பு என்றால் என்ன என்பதை நாம் டெல்லிக்குப் போய்க் கற்க வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது.

1956 நவம்பர் 23. பெருமழை. மருதையாற்றில் வெள்ளம். அரியலூர் அருகே பாலத்தையொட்டிய கரை அரித்துப்போயிருக்க, விடியுமுன் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அந்த ரயிலை ஓட்டவில்லை, அந்தப் பாலத்தைக் கட்டவும் இல்லை. ஆனாலும் என் துறை, என் பொறுப்பு என்று பதவி விலகினார். நேரு அதை ஏற்றுக்கொண்டார்.

482 விபத்துகளுக்கு எத்தனை அமைச்சர்கள் பதவி விலகினார்கள்? 2003இல் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தாமே மிக்-21இல் ஏறிப் பறந்து காட்டினார். துணிச்சல்தான். ஆனால் அமைச்சர் ஒரு நாள் பறந்து இறங்கியதால் விமானம் பாதுகாப்பாகிவிடுமா? அந்தத் துணிச்சல் கோப்புகளை நகர்த்துவதில் இருந்திருக்க வேண்டும்.

இளைஞர்களே!

படை விஷயம், நமக்கேன் வம்பு என்று ஒதுங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பேசினால் வேறு அர்த்தம் கற்பிப்பார்கள் என்ற அச்சமும் இருக்கிறது. அந்த அச்சத்தை விடுங்கள். இந்த நாட்டின் விமானப்படைக்கு 1978 முதல் 1981 வரை தளபதியாக இருந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த இத்ரீஸ் ஹசன் லத்தீஃப். பிரிவினையின்போது இங்கேயே இருப்பேன் என்று நின்றவர். இன்று கேள்விக்குள்ளாகும் ஜாகுவார் அவர் காலத்தில்தான் வந்தது. அன்றைக்கு அது புதிது, சிறந்தது. இத்தனை காலம் அதை ஓட வைத்தது பின்வந்தவர்கள். ஆகவே எந்தப் பெயருக்காகவும் கேள்வியை விழுங்க வேண்டாம். படையில் சேருங்கள், பொறியாளராகுங்கள், விமானியாகுங்கள். அதோடு, சேருகிற பிள்ளைக்கு நல்ல இயந்திரம் கொடு என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கவிதா காட்கில் கேட்டதில் தேசத் துரோகம் இல்லை. கேட்காமல் இருந்தவர்களால்தான் தேசத்துக்கு நட்டம்.

நாம் கேட்பவை நான்கு. ஜாகுவார், ஏஎன்-32 உள்ளிட்ட பழைய விமானங்கள் எந்த ஆண்டில் ஓய்வு பெறும் என்று நாடாளுமன்றத்தில் தேதியோடு அறிவிக்க வேண்டும். இரகசியம் போக மீதமுள்ள விபத்து விசாரணை முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். ஓட்டுகிறவர்களிடமிருந்து தனித்து நிற்கும் ஓர் அமைப்பு பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும். தரையில் மாண்ட ஏழைகளின் குடும்பங்கள் அலைந்து திரியாமல் இழப்பீடு பெற ஒழுங்கான வழி வேண்டும்.

நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் சாலைக்கும் ரயிலுக்கும் மனுக் கொடுக்கிறோம். அடுத்த முறை இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வியாபாரிகள் சங்கம் கொடுக்கட்டும், இளைஞர் மன்றம் கொடுக்கட்டும்.

கடையில் அடுத்தவர் வைத்துவிட்டுப் போன பொருளை அமானிதம் என்கிறோம். அதைக் கண்போல் காக்கிறோம். ஒரு தாய் தன் மகனைப் படைக்கு அனுப்பும்போது அரசின் கையில் வைப்பதும் அமானிதம்தான். வாங்கியவர்கள் கணக்குச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.